உப்பா, சுண்ணாம்பா, காவியா? போர்த் தண்ணீரை வீட்டிலும் பள்ளி ஆய்வகத்திலும் சோதித்துப் பார்க்கும் முறை

டெல்டாவில் புதிதாக போர் போட்டவர் முதலில் சொல்வது "தண்ணி சரியில்லை" என்பதுதான். சரியில்லை என்றால் எப்படி என்று கேட்டால் பதில் பலவாறாக வரும். பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, வாயில் வைத்தால் கரிக்கிறது, காலையில் பிடித்த தண்ணீர் மாலையில் மஞ்சளாகிறது, வேட்டியில் காவி ஏறுகிறது. இவை எல்லாம் ஒரே கோளாறு அல்ல. பெரும்பாலும் மூன்று தனித்தனிக் கோளாறுகள்: கால்சியம், மக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை, சோடியம் குளோரைடால் வரும் உப்பு, கரைந்த இரும்பால் வரும் காவி. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு உதவாது. கொதிக்க வைத்தால் உப்பு குறையாது. மணல் வடிகட்டி கடினத்தன்மையைக் குறைக்காது. ஆகவே எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன், எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்தறிந்து கொள்ளுங்கள். மளிகைக் கடை, மருந்துக் கடைச் சாமான்களை வைத்தே பாதி தூரம் போகலாம். மீதிக்கு மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகம் போதும்.

தண்ணீர் பிடிப்பதில்தான் பாதிச் சோதனை

மாடித் தொட்டிக் குழாயில் பிடித்த தண்ணீரைச் சோதிக்காதீர்கள். தொட்டியில் நின்ற நீரில் இரும்பு ஏற்கெனவே படிந்து போயிருக்கும். கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடும் வெளியேறியிருக்கும். மோட்டாரைப் போட்டு 10 நிமிடம் ஓடவிட்டு, போர்க் குழாயின் வாயிலேயே பிடியுங்கள். அடிபம்பு என்றால் ஐம்பது அறுபது தடவை அடித்து, குழாயில் நின்ற பழைய நீரை வெளியேற்றிய பிறகு பிடிக்க வேண்டும். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் மூடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவிய பாட்டில் வேண்டாம். ஒட்டியிருக்கும் துளி சோப்பே கடினத்தன்மைச் சோதனையைக் கெடுத்துவிடும்.

பாட்டிலில் தேதியோடு, அப்போது வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்பதையும் எழுதுங்கள். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்து, வயலும் குளமும் நிறைந்திருக்கும் மாதங்களில் மேல்மட்ட நிலத்தடி நீர் புதுப்பிக்கப்படுகிறது. சித்திரை, வைகாசியில் அதே போரில் எடுத்த நீர் வேறு எண்ணைக் காட்டலாம். ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்டுவதைவிட, கோடையில் ஒன்று, கார்த்திகை மழைக்குப் பின் ஒன்று என இரண்டு தடவை பார்ப்பது மேல்.

ஒப்பிட்டுப் பார்க்க உப்பில்லாத நீர் ஒன்று வேண்டும். ஐப்பசி மழையின் முதல் அரை மணி நேரத்தை விட்டுவிட்டு, திறந்த வெளியில் எவர்சில்வர் அண்டாவில் நேராகப் பிடித்த மழைநீர் நன்றாகவே உதவும். ஓட்டுக் கூரையிலோ தளத்திலோ வழிந்த நீர் ஆகாது. சிமெண்டே கால்சியம் தந்துவிடும். மழை இல்லாத காலத்தில் பேட்டரிக் கடையில் கிடைக்கும் வாலை வடிநீரை வாங்குங்கள்.

கடினத்தன்மை: சோப்பைக் கொண்டு அளப்பது

சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்தச் சோடியத்தை விலக்கிவிட்டுத் தாங்கள் உட்கார்ந்துகொள்கின்றன. அந்தப் புதிய உப்பு கரையாது. அதுதான் வாளி விளிம்பில் ஒட்டும் சாம்பல் நிற அழுக்கு. கால்சியமும் மக்னீசியமும் முழுவதும் தீர்ந்த பிறகே நுரை நிற்கும். எவ்வளவு சோப்பு வீணானது என்று அளந்தால், எவ்வளவு கடினத்தன்மை இருந்தது என்று தெரிந்துவிடும்.

இங்கே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு டிடர்ஜெண்டைப் பயன்படுத்துவது. சலவைப் பவுடரும் ஷாம்பூவும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் கடின நீரிலும் நுரைக்கவே செய்யப்பட்டவை. அவற்றை வைத்துச் சோதித்தால் எல்லாத் தண்ணீரும் நல்ல தண்ணீராகத் தெரியும். உறையில் 'கிரேடு 1' என்றும், டிஎஃப்எம் (மொத்தக் கொழுப்புப் பொருள்) 76 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்றும் அச்சிட்ட குளியல் சோப்பை எடுங்கள்.

தேவையானவை: துருவிய சோப்பு 2 கிராம், மழைநீர், பேதி உப்பு (மருந்துக் கடையில் எப்சம் உப்பு என்று கேட்டால் தருவார்கள்), ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சு ஒன்று, மூடியுள்ள 200 மி.லி. பாட்டில்கள் ஐந்து, ஓர் அளவுக் கோப்பை.

1. சோப்புத் துருவலை 100 மி.லி. வெந்நீரில் (மழைநீரைச் சுட வைத்தது) போட்டு, நுரை எழும்பாமல் மெதுவாகக் கலக்கிக் கரையுங்கள். ஆறியதும் கூழாக இறுகினால், பயன்படுத்தும்போது குப்பியை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி வையுங்கள்.

2. பேதி உப்பு 2.5 கிராம் எடுத்து 1 லிட்டர் மழைநீரில் கரையுங்கள். கால்சியம் கார்பனேட் கணக்கில் இது லிட்டருக்கு ஏறக்குறைய 1000 மி.கி. கடினத்தன்மை உள்ள தாய்க் கரைசல். வீட்டுத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது என்றால், 25 கிராமை 1 லிட்டரில் கரைத்து, அதில் 100 மி.லி. எடுத்து மீண்டும் 1 லிட்டராக்குங்கள். அளவு சரியாக வந்துவிடும். பிரித்துப் பல நாள் திறந்து கிடந்த பொட்டலத்து உப்பு வேண்டாம். அதன் படிகத்தில் இருக்கும் நீர் காற்றில் போயிருக்கும், அதே 2.5 கிராமில் மக்னீசியம் கூடுதலாக இருக்கும்.

3. தாய்க் கரைசல் 20 மி.லி. + மழைநீர் 80 மி.லி. சேர்த்தால் 200. 40 + 60 சேர்த்தால் 400. 60 + 40 சேர்த்தால் 600. இவை மூன்றும் ஒப்பீட்டு நீர்கள். வெறும் மழைநீர் நாலாவது. உங்கள் போர்த் தண்ணீர் ஐந்தாவது.

4. ஒவ்வொன்றிலும் 50 மி.லி. எடுத்துத் தனித்தனிப் பாட்டிலில் ஊற்றுங்கள். சிரிஞ்சால் சோப்புக் கரைசலை அரை அரை மி.லி. ஆகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் மூடி 10 விநாடி பலமாகக் குலுக்குங்கள். பாட்டிலைப் படுக்க வைத்தபின் மேற்பரப்பு முழுவதையும் மூடிய நுரை 2 நிமிடம் உடையாமல் நின்றால் நிறுத்துங்கள். மொத்தம் எவ்வளவு சோப்புக் கரைசல் போயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படி. மழைநீருக்கு 1 மி.லி., 200 அளவு நீருக்கு 5 மி.லி. போயிற்று என்று வைத்துக்கொள்வோம். 200 மி.கி.க்கு 4 மி.லி. என்றால், 1 மி.லி. சோப்புக்கு 50 மி.கி. உங்கள் தண்ணீருக்கு 9.5 மி.லி. பிடித்தால், 9.5-இலிருந்து மழைநீரின் 1-ஐக் கழித்து 50-ஆல் பெருக்குங்கள்: 425. மழைநீருக்கே போகும் அந்த ஒரு மி.லி.யைக் கழிக்க மறப்பவர்கள் அதிகம். நுரை உண்டாக்குவதற்கே கொஞ்சம் சோப்பு தேவை. அது கடினத்தன்மையின் கணக்கில் வராது.

முழுப் பொருத்தம் எதிர்பார்க்காதீர்கள். மக்னீசியம் சோப்போடு சற்று மெதுவாக வினைபுரியும். 'நுரை நின்றுவிட்டது' என்று நினைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அடங்கிப் போயிருக்கும். அப்போது இன்னும் அரை மி.லி. சேர்த்துக் குலுக்க வேண்டியதுதான். இடையில் நுரை வருவதுபோல் வந்து மறைவதும் உண்டு. கால்சியம் தீர்ந்து மக்னீசியம் மிஞ்சியிருக்கும் நிலை அது, பொய் முடிவு. அதனால்தான் 2 நிமிடக் காத்திருப்பை விடக் கூடாது.

குடிநீருக்கான இந்தியத் தர ஆவணம் ஐஎஸ் 10500 கடினத்தன்மைக்கு 200 மி.கி.யை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வைக்கிறது. உடலுக்குப் பெரிய கேடு என்பதால் அல்ல. குழாய் அடைப்பு, சோப்புச் செலவு, சமையல் சிரமம் ஆகியவற்றை எண்ணியே இந்த எல்லை.

கொதிக்க வைத்தால் போகுமா, போகாதா

கடினத்தன்மை இரு வகை. பைகார்பனேட்டால் வருவது தற்காலிகம். கொதித்தால் கார்பனேட்டாகப் படிந்துவிடும். சல்ஃபேட், குளோரைடால் வருவது நிரந்தரம். எவ்வளவு கொதித்தாலும் நகராது. உங்கள் தண்ணீரில் எது எவ்வளவு என்று தெரிந்துகொள்வது சுலபம். 1 லிட்டரை அளந்து, தளதளவெனக் கொதி வந்ததிலிருந்து 15 நிமிடம் விடுங்கள். ஆற வைத்து, ஆவியாகிப் போன அளவுக்கு மழைநீர் ஊற்றி மீண்டும் 1 லிட்டராக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் சுண்டிப் போன நீரில் எண் கூடித் தெரியும். வெள்ளைத் துணியை நான்காக மடித்து வடிகட்டி, மீண்டும் சோப்புச் சோதனை செய்யுங்கள். முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் தற்காலிகக் கடினத்தன்மை.

வெந்நீர் அண்டாவின் அடியில் ஓடு போல் படிவது இந்தக் கால்சியம் கார்பனேட்தான். 1 லிட்டர் நீரில் 2 மேசைக் கரண்டி எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம் கரைத்து, சூடாக்கி அரை மணி நேரம் வைத்தால் நுரைத்துக் கரையும். வினிகரும் செய்யும், மெதுவாக. கழிவறை ஆசிட் வேண்டவே வேண்டாம்; பாத்திரமும் போகும். அந்த ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். மூடிய குளியலறையில் அது மூச்சுக் குழலைப் புண்ணாக்கும், உயிருக்கும் ஆபத்து.

பருப்பு வேகாததற்கும் இதே கால்சியம் காரணம். பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டினோடு கால்சியம் சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போட்டால் வேகும். காரத்தில் பெக்டின் உடைகிறது. அதிகம் போட்டால் பருப்பு வழவழப்பாகி, வைட்டமினும் குறையும். பருப்புக்கு மட்டும் மழைநீரோ காவிரிக் குடிநீரோ எடுத்துக்கொள்வதே நல்ல வழி. புளியைப் பருப்பு வெந்த பிறகு சேர்ப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது: அமிலமும் பெக்டினைக் கரைய விடாது.

துணி துவைக்கும் நீருக்குச் சலவைச் சோடா போதும். 20 லிட்டர் வாளி, கடினத்தன்மை 300 என்றால் மொத்தம் 6 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். அதற்கு நீரற்ற சோடாத் தூள் 6.4 கிராம், கண்ணாடிக் கற்கள் போன்ற படிகச் சோடா என்றால் 17 கிராம். கரைத்துக் கலக்கி, அரை மணி நேரம் நிறுத்தி, தெளிந்ததை இறுத்துக்கொள்ளுங்கள். இது கால்சியத்தைத்தான் நன்றாக இறக்கும். மக்னீசியத்தை அவ்வளவாக இல்லை. குடிக்கவும் சமைக்கவும் இந்த நீரை எடுக்காதீர்கள்.

ஆய்வகத்தில்: ஈடிடிஏ தரம் பார்த்தல்

வீட்டுக் கணக்கைச் சரிபார்க்கப் பள்ளி ஆய்வகம் கிடைத்தால், சுவிஸ் வேதியியலாளர் ஷ்வார்சென்பாக் சூரிக்கில் 1940களில் வளர்த்தெடுத்த ஈடிடிஏ முறையைச் செய்யுங்கள். ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் ஒரு நண்டு மாதிரி. ஒரு மூலக்கூறு ஒரு கால்சியத்தை ஆறு இடங்களில் கவ்விக்கொள்ளும். எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி மக்னீசியத்தோடு சேர்ந்திருந்தால் ஒயின் சிவப்பு. தனியாக விடப்பட்டால் நீலம்.

ஈடிடிஏ இருசோடியம் உப்பு 3.723 கிராமை வாலை வடிநீரில் கரைத்து 1 லிட்டராக்கினால் 0.01 மோலார். கார நிலையை மாறாமல் வைத்திருக்கும் தாங்கல் கரைசலுக்கு அம்மோனியம் குளோரைடு 6.75 கிராமை 57 மி.லி. அடர் அம்மோனியாவில் கரைத்து, 100 மி.லி. வரை நீர் சேருங்கள். இதை ஜன்னல் ஓரத்தில், கண்ணாடி அணிந்து செய்ய வேண்டும். நெடி கண்ணைப் பிடுங்கும். நிறங்காட்டி 0.5 கிராமை 100 கிராம் சோடியம் குளோரைடோடு கல்வத்தில் அரைத்துப் பொடியாக வையுங்கள். ஆல்கஹாலில் கரைத்து வைத்த நிறங்காட்டி நாளாக ஆகக் கெட்டுவிடும். பல பள்ளிகளில் 'நிறமே மாறவில்லை' என்று தலையைச் சொறிவதற்கு இந்தப் பழைய குப்பிதான் காரணம்.

பிப்பெட்டில் 50 மி.லி. போர்த் தண்ணீரைக் கூம்புக் குடுவையில் எடுத்து, தாங்கல் கரைசல் 1 முதல் 2 மி.லி. சேர்த்து (அமிலமா காரமா என்று காட்டும் எண்ணான பிஎச் 10 வர வேண்டும்), நிறங்காட்டிப் பொடி ஒரு சிட்டிகை போட்டு, பியூரெட்டிலிருந்து ஈடிடிஏயை விடுங்கள். சிவப்பு ஊதாவாகும்போது துளித் துளியாக, துளிக்கு மூன்று நான்கு விநாடி இடைவெளி விட்டு. சிவப்புச் சாயல் கொஞ்சமும் இல்லாத நீலம்தான் முடிவு நிலை. செலவான மி.லி.யை 20-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு மி.கி. கடினத்தன்மை. 13.6 மி.லி. என்றால் 272.

தாங்கல் கரைசல் சேர்த்ததிலிருந்து 5 நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். பிஎச் 10-இல் கால்சியம் கார்பனேட்டாகப் படியத் தொடங்கும். அப்படிப் படிந்தால் நீலம் வந்து மீண்டும் சிவப்புக்குத் திரும்பும். 15 மி.லி.க்கு மேல் செலவாகும் தண்ணீருக்கு 25 மி.லி. எடுத்து வடிநீரால் 50 ஆக்கி, 40-ஆல் பெருக்குங்கள். இரும்பு அதிகமுள்ள நீரில் நிறம் மங்கலாக நிற்கும். அப்படியானால் முதலில் காற்றூட்டி, வடிகட்டி, பிறகு செய்யுங்கள்.

உப்பு: மோர் முறை

நாக்கே நல்ல கருவி. குளோரைடு லிட்டருக்கு 250 மி.கி.யைத் தாண்டினால் பலருக்கும் கரிப்புத் தெரியத் தொடங்கும். ஐஎஸ் 10500-இன் ஏற்கத்தக்க எல்லையும் அதுவே. அனுமதி எல்லை 1000. நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தில் இந்த எண் ஏன் சட்டென ஏறுகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு: கடல்நீரில் குளோரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மி.கி. நூறு குடம் நல்ல தண்ணீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தால் போதும், எண் 370-ஐத் தொட்டுவிடும். கடலோர நிலத்தடியில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் தாங்கும். மேல்மட்டம் 1 மீட்டர் இறங்கினால் கீழிருந்து உப்புநீர் அந்த 40 மீட்டரும் ஏறி வர வழியாகும். ஆகவே அங்கே ஆழப் போர் போடுவது பல நேரம் உப்பைத் தேடிப் போவதாகவே முடிகிறது.

அளக்கும் முறை 1856-இல் ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் ஃபிரீட்ரிக் மோர் வெளியிட்டது. சில்வர் நைட்ரேட் 2.395 கிராமை வடிநீரில் கரைத்து 1 லிட்டராக்கிப் பழுப்புக் குப்பியில் வையுங்கள். 50 மி.லி. தண்ணீரில் 5 விழுக்காடு பொட்டாசியம் குரோமேட் 1 மி.லி. சேர்த்தால் மஞ்சளாகும். சில்வர் நைட்ரேட்டைக் குலுக்கிக்கொண்டே விடுங்கள். முதலில் வெள்ளி குளோரைடோடு சேர்ந்து வெள்ளை வீழ்படிவாகும். குளோரைடு தீர்ந்ததும் குரோமேட்டோடு சேர்ந்து செங்கல் நிறம் தரும். குலுக்கிய பிறகும் மறையாத முதல் செங்கல் சாயலோடு நிறுத்துங்கள். நன்றாகச் சிவக்கட்டும் என்று விட்டால் எண் கூடிவிடும். வடிநீருக்கும் இதையே செய்து, அந்த அளவைக் கழித்து, 10-ஆல் பெருக்குங்கள். 23.4-இலிருந்து 0.2 கழித்தால் 23.2, குளோரைடு 232 மி.கி. கரிக்கும் தண்ணீருக்கு 10 மி.லி. மட்டும் எடுத்து வடிநீரால் 50 ஆக்குங்கள். பெருக்கும் எண் 50.

பிஎச் 7-க்கும் 10-க்கும் இடையில் இருந்தால்தான் இது வேலை செய்யும். அமிலத்தில் குரோமேட் டைகுரோமேட்டாகிவிடும், செங்கல் நிறம் தாமதிக்கும். காரம் மிகுந்தால் வெள்ளி ஆக்சைடாகப் படியும். சில்வர் நைட்ரேட் பட்ட விரல் வெயிலில் கறுத்து, தோல் உரியும் வரை போகாது. குரோமேட் நச்சு, புற்றுநோய் உண்டாக்குவது. கையுறை இல்லாமல் இந்தச் சோதனை வேண்டாம், வீட்டுச் சமையலறையில் வேண்டவே வேண்டாம். மிஞ்சியதை வாய்க்காலில் கொட்டாமல், பெயர் எழுதிய தனிக் குப்பியில் சேர்த்து ஆய்வகத்திலேயே பூட்டி வையுங்கள்.

கையடக்க டிடிஎஸ் (கரைந்த பொருள்களின் மொத்த அளவு) மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: அது மின்கடத்தலை அளந்து, ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. உப்பா சுண்ணாம்பா என்று அதற்குத் தெரியாது. கிருமியும் பூச்சிமருந்தும் அதற்குத் தெரியவே தெரியாது. அதே போரில் மாதா மாதம் பார்த்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனிக்க நல்லது, அவ்வளவே.

காவி: இரும்பு

நிலத்தடியில் காற்றில்லாத இடத்தில் இரும்பு இரண்டு மின்சுமையோடு கரைந்து, நிறமில்லாமல் இருக்கிறது. மேலே வந்து ஆக்சிஜன் பட்டதும் மூன்று மின்சுமை நிலைக்கு மாறி, கரையாத காவியாகிறது. பிடித்தபோது பளிங்கு, மாலையில் மஞ்சள் என்பதன் விளக்கம் இதுதான். லிட்டருக்கு 0.3 மி.கி. இருந்தாலே துணியில் கறை தொடங்கும்.

வீட்டுச் சோதனைக்குக் கடுக்காய் போதும். கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோல் ஒன்றை நசுக்கி, அரை டம்ளர் மழைநீரில் கொதிக்க வைத்து வடிகட்டுங்கள். புதிதாகப் பிடித்த போர்த் தண்ணீர் ஒரு டம்ளரில் அதை 1 தேக்கரண்டி விட்டு, கலக்கி, 10 நிமிடம் திறந்து வையுங்கள். இரும்பு இருந்தால் மை கலந்தாற்போல் கருநீலம் ஏறும். ஒப்பிட, இரும்பு ஆணியை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, அதில் இரண்டு துளியை மழைநீரில் விட்டுக் கடுக்காய் நீர் சேர்த்துப் பாருங்கள். நல்ல மை கிடைக்கும். இதைத் தேநீரில் செய்வோரும் உண்டு. ஆனால் பைகார்பனேட் மிகுந்த கார நீரும் டீயைக் கறுக்கச் செய்யும். அது செம்பழுப்பு, இரும்பால் வருவது சாம்பல் கலந்த கருமை. முதல் பார்வைக்கு ஏமாந்து போவோம். அதனால் ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போட்ட மழைநீர் டீயையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஆய்வகத்தில் எண் வேண்டுமென்றால் மோர் உப்பு (அதே வேதியியலாளர் மோர்தான்; இரும்பும் அம்மோனியமும் சேர்ந்த சல்ஃபேட் உப்பு) 0.702 கிராமை, 20 மி.லி. நீர்த்த கந்தக அமிலம் சேர்த்த நீரில் கரைத்து 1 லிட்டராக்குங்கள். இதில் இரும்பு லிட்டருக்கு 100 மி.கி.; 10 மி.லி. எடுத்து 1 லிட்டராக்கினால் 1 மி.கி. சோதனைக் குழாயில் 10 மி.லி. தண்ணீர், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 துளி, மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு 1 துளி, 10 விழுக்காடு அம்மோனியம் தயோசயனேட் 1 மி.லி. சேருங்கள். சிவப்பை ஒப்பீட்டுக் குழாய்களோடு வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து, மேலிருந்து பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும், நிறம் வெளிறும். பெராக்சைடைக் கூட்டினால் தயோசயனேட்டையே அழித்துவிடும், நிறமே வராது.

நின்ற நீரின் மேல் வானவில் போல மினுக்கும் ஆடையைக் கண்டு மோட்டார் எண்ணெய் கசிகிறது என்று போரைப் பிரித்தவர்கள் உண்டு. ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். சில்லு சில்லாக உடைந்து அப்படியே நின்றால் இரும்பும் இரும்பு பாக்டீரியாவும். உடனே ஒன்று கூடிக்கொண்டால் எண்ணெய்.

மருந்து காற்றுதான். 1 மி.கி. இரும்புக்கு 0.14 மி.கி. ஆக்சிஜன் போதும். தகர மூடியில் ஆணியால் நிறையத் துளையிட்டு, தண்ணீரை ஷவர் போல அரை மீட்டராவது விழவிடுங்கள். கீழே ஒரு டிரம்மில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். அடுத்த டிரம்மில் அடியில் கூழாங்கல், மேலே நன்றாகக் கழுவிய பருமணல் 30 முதல் 40 செ.மீ. முதல் இரண்டு வாரம் சுமாராகத்தான் வடியும். மணலில் காவி பூச்சு ஏறிய பிறகு, அந்தப் பூச்சே வினையை விரைவுபடுத்தும். ஆகவே காவி படிந்த மணலை மாற்றிவிடாதீர்கள். மேல் 2 செ.மீ. மட்டும் சுரண்டிக் கழுவிப் போடுங்கள். பிஎச் 7-க்குக் கீழே இருந்தால் வினை மிக மெதுவாகும். பிஎச் ஒன்று குறைந்தால் வேகம் நூறில் ஒரு பங்காகும். அப்போது உடைத்த கிளிஞ்சல் ஓர் அடுக்கு போட்டால் பிஎச் ஏறும், கடினத்தன்மையும் கொஞ்சம் ஏறும். இரண்டில் எது தாங்கும் என்று பார்த்து முடிவெடுங்கள்.

தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் போட்டதும் தண்ணீர் காபி நிறமாகிறது என்று பவுடரைக் குறை சொல்வார்கள். பவுடர் சரியாகவே வேலை செய்திருக்கிறது. கரைந்திருந்த இரும்பைக் குளோரின் ஒரே மூச்சில் காவியாக்கிவிட்டது. இரவு முழுவதும் தெளியவிட்டு மேல்நீரை எடுங்கள். ஆனால் காவிக் கறை பட்ட வேட்டியை ப்ளீச்சிங் பவுடரில் போடாதீர்கள், கறை நிலைத்துவிடும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் ஈரம் காயாமல் வைத்தால் இளகும்.

பிஎச்: செம்பருத்தியும் மஞ்சளும்

ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தி ஐந்தின் இதழ்களை 50 மி.லி. சூடான மழைநீரில் 10 நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். 20 மி.லி. போர்த் தண்ணீரில் 10 துளி. எலுமிச்சை நீரில் இளஞ்சிவப்பு, மழைநீரில் ஊதா, ஆப்பச் சோடா நீரில் நீலப்பச்சை, தெளிந்த சுண்ணாம்பு நீரில் பச்சை. டெல்டாவின் பல போர்த் தண்ணீர்கள் பச்சைப் பக்கம் சாயும். அதே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிப் பார்த்தால் பச்சை இன்னும் கூடும்; கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதால் பிஎச் ஏறியிருக்கிறது. மஞ்சளுக்கு நல்ல காரம் இருந்தால்தான் சிவக்கும், குடிநீருக்குப் பயன்படாது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அந்த அளவுக்குக் காரம் வேண்டும். செம்பருத்திச் சாறு மறுநாளே கெட்டுவிடும், அன்றன்று போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனைகளுக்கு எட்டாதவை

யூரியா விழுந்த வயல்களுக்கு நடுவே ஆழமில்லாத போர் என்றால் நைட்ரேட் பார்க்க வேண்டும். எல்லை லிட்டருக்கு 45 மி.கி.; நிறம், மணம், சுவை எதுவும் காட்டாது. கொதிக்க வைத்தால் நீர் சுண்டி, நைட்ரேட் கூடும். ஆறு மாதத்துக்குக் குறைவான குழந்தைக்குப் பால் கரைக்கும் நீர் என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். நைட்ரேட், ஃபுளோரைடு, கிருமி மூன்றுக்கும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு மாதிரி கொடுக்கலாம். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் கிருமி நீக்கிய குப்பியையே பயன்படுத்துங்கள். குழாய் வாயைச் சூடு காட்டிவிட்டுப் பிடித்து, உள்ளே விரல் படாமல், கொஞ்சம் காற்றிடம் விட்டு மூடி, பனிக்கட்டி போட்ட பெட்டியில் வைத்து அன்றே கொண்டு போய்ச் சேர்த்துவிடுங்கள்.